இரவே ஊறட்டும் ஓட்ஸ்

காலை ஆறரை மணி ரயிலைப் பிடிக்க வேண்டியவள் நான். நாலரைக்கே எழுந்து அடுப்பைப் பற்றவைத்ததெல்லாம் போதும் என்று விட்டுவிட்டேன். இப்போது இரவே மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் அரை கப் ஓட்ஸ், அரை கப் காய்ச்சி ஆறிய பால், இரண்டு கரண்டி தயிர், கொஞ்சம் உலர்திராட்சை. கலந்து ஃபிரிட்ஜில் வைத்தால், விடிந்ததும் ஆப்பிளைத் தோலோடு துருவிப் போடும் வேலைதான் பாக்கி.

இது நேற்று வந்த பழக்கமில்லை. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சூரிச் மருத்துவர் மாக்சிமிலியன் பிர்ஹர்-பென்னர் தம் நோயாளிகளுக்கு ஊறிய ஓட்ஸ் கொடுத்தார். ஒரு கரண்டி ஓட்ஸ், மூன்று கரண்டி தண்ணீர், 12 மணி நேரம். அதோடு ஆப்பிள் துருவல். அவருக்குப் பழம்தான் பிரதானம், ஓட்ஸ் துணைக்கு. அந்தக் கணக்கு சரி என்றே நினைக்கிறேன்.

சர்க்கரையும் வாசனையும் சேர்த்த பாக்கெட்டுகளை வாங்காதீர்கள். எதுவும் சேர்க்காத ஓட்ஸ் போதும்.

இன்னொன்றை அழுத்தியே சொல்கிறேன்: இதைச் செய்யச் சமையல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே வீட்டுப் பெண்தான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. எங்கள் வீட்டில் செவ்வாய், வியாழன் என் கணவர் முறை. சனிக்கிழமை மகன். போன வாரம் அவன் வாழைப்பழத்தை இரவே நறுக்கிப் போட்டுவிட்டான். காலையில் கறுத்துக் கிடந்தது. இந்த வாரம் காலையில்தான் நறுக்கினான்.