பெயரறிதலே காத்தலின் தொடக்கம்

செங்கல்பட்டு முதல் மாமல்லபுரக் கடற்கரை வரையுள்ள தோப்புகளில், நீண்ட வாலுடன் கிளைக்குக் கிளை தாவும் பறவையொன்றை நீங்கள் கண்டிருக்கலாம். கருஞ்சாம்பல் தலை, செம்பழுப்பு உடல், சிறகில் வெளிர்சாம்பல் பட்டை, கருநுனி கொண்ட சாம்பல்நிற வால் ஆகியன அதன் அடையாளங்கள். காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த அப்பறவையின் பெயர் வால்காக்கை. இந்தியாவின் பெரும்பகுதியிலும் தென்கிழக்காசியாவிலும் அது வாழ்கிறது.

அதற்கு நெருங்கிய உறவுடைய இனமொன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் உண்டு. அது வெண்வயிற்று வால்காக்கை. இரண்டின் வாலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே, வாலை மட்டும் நோக்குவோர் ஏமாறுவர். வெண்ணிற வயிறும் பின்கழுத்தும், கரிய முகமும் மார்பும் அதனைப் பிரித்துக் காட்டும். ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியில் மட்டுமே வாழும் இத்தகைய உயிரினங்களை ‘ஓரிட வாழ்விகள்’ என்பர்.

இவ்வேறுபாட்டை அறிவதால் பயன் என்ன என்று சிலர் வினவலாம். இரண்டையும் ஒன்றெனக் கருதினால், தோப்பில் ஒன்றைக் கண்டதும் காட்டிலுள்ள மற்றொன்றும் நலமாக இருப்பதாக எண்ணிவிடுவோம். பரவலாக வாழும் பறவை ஓரூரில் அருகினாலும் பிற ஊர்களில் எஞ்சியிருக்கும். ஓரிட வாழ்விக்கோ அதன் காடே உலகம். அக்காடு அழிந்தால் அதற்கு மாற்றிடம் இல்லை. இலங்கையின் ஈரமண்டலக் காடுகளில் மட்டும் வாழும் நீலநிற நீள்வால் பறவையும் இக்குடும்பத்ததே. காடுகள் துண்டாடப்பட்டதால் இன்று அது அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

அறிதல் காத்தலாக மாறும் என்பதற்குச் செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கலே சான்று. பறவைகளின் எச்சம் ஏரிநீரை வளமாக்கித் தம் வயல்களை விளையச் செய்வதை அவ்வூர் மக்கள் அறிந்திருந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் பறவைகளைச் சுட்டபோது, ஆட்சியர் லயோனல் பிளேசிடம் முறையிட்டுப் பாதுகாப்புரிமை பெற்றனர். அவ்வேரி 2022ஆம் ஆண்டு ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சட்டங்கள் பின்னர் வந்தன. மக்களின் அறிவே முன்னின்றது.

மேற்கு மலைக்கு நாம் அனைவரும் உடனே செல்ல இயலாது. ஆயினும், நம் பள்ளி வளாகத்து மரத்தில் அமரும் பறவையின் தலை, வயிறு, சிறகு, வால் ஆகியவற்றை நோக்கிக் குறித்துவைக்க இயலும். அருகிலுள்ளதைத் துல்லியமாக அறிந்தவரே அரியதை அடையாளம் காண்பர். அடையாளம் கண்டவரே அதற்காகக் குரல் கொடுப்பர். அப்பயிற்சியை இன்றே தொடங்குவோம்.