உருவும் கை மூன்று நாள் பொறுக்கட்டும்

சிறாவயல் மஞ்சுவிரட்டில் தை மூன்றாம் நாள் தொழு திறக்கும் முன்பே ஆட்டம் தொடங்கிவிடும். சுற்றியுள்ள வயல்களில் கட்டுமாடுகளை அவிழ்த்துவிடுவார்கள். கூட்டம் சிதறி ஓடும். மாடு குத்தியவரைத் தூக்கிச் செல்ல ஆள் உண்டு, 108 உண்டு, காரைக்குடியில் அரசு தலைமை மருத்துவமனையும் உண்டு. வரப்பில் கால் மடங்கி விழுந்தவரின் கதை வேறு. நாலு பேர் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் குதிகாலைப் பிடித்து இழுப்பார். இன்னொருவர் நல்லெண்ணெய் தடவிக் கட்டைவிரலால் உருவுவார். "நரம்பு பிசகியிருக்கு, ஒரு இழுப்புல சரியாயிடும்." கால்மாறிப் பிறந்த பிள்ளையைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்வதும் உண்டு. பொழுது சாய்வதற்குள் கணுக்கால் முண்டு தெரியாமல் வீங்கிவிடும்.

இந்த உருவலை நிறுத்த வேண்டும் என்கிறோம். மஞ்சுவிரட்டில் மட்டுமல்ல, பள்ளி மைதானத்திலும் கபடிக் களத்திலும்.

சுளுக்கில் பிசகுவது நரம்பல்ல. எலும்போடு எலும்பைக் கட்டியிருக்கும் நார்தான் இழுபட்டுக் கிழிகிறது. கூடவே சிறு ரத்தக்குழாய்களும் அறுந்து உள்ளே கசிகின்றன. அந்த நேரத்தில் அழுத்தித் தேய்த்தால் அடைபடத் தொடங்கிய கசிவு மறுபடி திறந்துகொள்ளும். தொடையில் மாடு உதைத்த ரத்தக்கட்டு இன்னும் மோசம். அதை முரட்டுத்தனமாக உருவினால் சில வாரங்களில் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து, முழங்காலை மடக்க முடியாமல் போவதுண்டு. உருவியவர் மீது யாரும் பழி சொல்வதில்லை. மாட்டின் மேல் போட்டுவிடுகிறோம்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காலை உயர்த்தி வைத்து, துணி சுற்றிய ஐஸ் கட்டியைக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு எலாஸ்டிக் பேண்டேஜை விரல் பக்கமிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். விரல் நீலம் பூத்தாலோ மரத்தாலோ உடனே தளர்த்த வேண்டும். ஐஸ் நாரை ஒட்டவைக்காது, வலியைத்தான் அடக்கும். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற முறைக்கு 1978-இல் பெயர் சூட்டிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் சொல்லிவிட்டார். ஆனால் அவர் சந்தேகப்பட்டது ஐஸையும் முழு ஓய்வையும்தான். அதை வைத்து உருவலுக்கு வக்காலத்து வாங்க முடியாது.

எலும்பு முறிந்த காலைச் சுளுக்கு என்று நினைத்து இழுப்பதுதான் பெரிய ஆபத்து. 1992-இல் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் ஓர் எளிய சோதனையை வகுத்தார்கள். கணுக்கால் முண்டுகளின் பின்விளிம்பை அழுத்தினால் வலிக்கிறதா? நாலு எட்டு நடக்க முடியவில்லையா? இரண்டில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். கொம்பு குத்திய காயத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, நேரே மருத்துவமனைதான்.

பாட்டி வைத்தியத்தை இகழவில்லை. நொச்சி இலை ஒத்தடமும் சூடான புளிப்பற்றும் இதமானவையே. வீக்கம் வடியத் தொடங்கிய பிறகு அவற்றுக்கு இடமுண்டு. முதல் இரண்டு மூன்று நாளில் சூடும் வேண்டாம், தேய்ப்பும் வேண்டாம்.

மருத்துவக் குழு தொழுவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கால் மடங்குவதோ தூரத்து வயலில். அங்கேயும் ஐஸ் இல்லாமலில்லை. சோடா, கலர் விற்பவரின் தெர்மாகோல் பெட்டியில் கட்டி கட்டியாகக் கிடக்கிறது. அப்படி இன்னும் நாலு பெட்டிகளைத் திசைக்கொன்றாக வைக்க விழாக்குழுவுக்குப் பெரிய செலவாகாது. கட்டுப் போடத் தெரிந்த இளைஞர்கள் பத்துப் பேர் வேண்டும். பயிற்சி கொடுக்கக் காரைக்குடியிலேயே அழகப்பா உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது.

மாட்டுக்கு மருத்துவச் சோதனை, பார்வையாளருக்குத் தடுப்பு என அனுமதிக்கு எத்தனையோ நிபந்தனைகள் விதிக்கிறார்கள். ஐஸ் பெட்டி, பேண்டேஜ், பயிற்சி பெற்ற பத்துப் பேர் என்ற ஒரு வரியையும் மாவட்ட நிர்வாகம் அந்தப் பட்டியலில் சேர்க்கட்டும். மார்கழியில் விண்ணப்பங்கள் வந்து குவியும்போது அந்த வரி அதில் இருக்க வேண்டும்.