கூடுவது பேசுதற்கன்று, செய்தற்கு!

கணிப்பொறியில் தமிழ் தழைப்பது ஊதியங் கருதாத் தொண்டர்தம் உழைப்பாலேயாம். 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவும், அதனை இயக்கும் மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளின் தமிழ் முகப்பும் அத்தகையோர் ஆக்கங்களே. விக்கிப்பீடியாத் தொண்டர்தம் பத்தாம் ஆண்டுக் கூடல் 2013-இல் சென்னையில் நிகழ்ந்தது.

தலைநகரோடு நின்றுவிடலாமா? 2019-இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியிலும், கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலும் இனித் தொண்டர் கூடல் வேண்டும். புதுச்சொல்லாக்கத்திற்கு வேர், மக்கள் வழக்கே. சாமை விளைக்கும் அம்மலைமக்கள் நாவிலுள்ள சொற்கள், அகரமுதலி ஏறாமல் முதியோரோடு மறையலாமா?

மேடையும் மாலையும் பொன்னாடையும் வேண்டா. நாள் குறிக்குமுன் செய்பணியை வரையறுத்திடுக. தமிழாசிரியர் முதியோரைக் கேட்டுச் சொல் திரட்டுக. நிரலர் அவற்றை விக்சனரியிலும் பிழைதிருத்தியிலும் சேர்த்திடுக. மென்பொருள் முகப்பில் எஞ்சிய ஆங்கிலத் தொடர்களை இருசாராரும் ஒருங்கமர்ந்து தமிழாக்குக. மலைப்பள்ளி மாணவர் உடனிருந்து கற்றிடுக. இணையம் கிட்டாவிடினும் பணி நில்லாவண்ணம், வேண்டுவனவற்றை முன்னரே பதிவிறக்கிச் செல்க. உணவுச் செலவை அனைவரும் பகிர்க. எஞ்சிய பணியை இன்னார் இன்ன நாளுக்குள் முடிப்பதென எழுதிய பின்னரே கலைக.

அயற்சொல் கணிப்பொறியில் வேரூன்றியபின் அகற்றுதல் அரிது. தமிழன்பர்களே, இன்றே முனைமின்!