கேட்டுப் பயப்பட வேண்டியது யார்?

செய்தியில் ஒரு கொடூரம் வந்துவிட்டால் போதும், வகுப்பிலும் டீக்கடையிலும் ஒரே தீர்ப்புதான்: "நடுரோட்டுல நிக்க வச்சு சுடணும்!" அந்தக் கூட்டத்தில் ஒருவராவது வேதாகமத்தை இழுத்துவிடுவார். கண்ணுக்குக் கண் என்று கடவுளே சொல்லியாகிவிட்டது, அப்புறம் என்ன கோர்ட்டு, என்ன வக்கீல், நாலு பேரைப் போட்டால்தான் நாற்பது பேர் பயப்படுவான்.

2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் அருகே நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது இதே பேச்சுதான். போலீஸார் மேல் பூ தூவினார்கள். 2022ல் உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை வெளியானது. வேண்டுமென்றே சுட்டிருக்கிறார்கள், செத்தவர்களில் மூன்று பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றது அது. பூ தூவியவர்கள் யாரும் அந்த அறிக்கையைத் தேடிப் படித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, வேதம் உண்மையில் என்ன சொல்கிறது? வசனம் சொல்லி வாயடைக்கிறவர்களுக்காகவே உட்கார்ந்து படித்தேன். நான் படிப்பது பி.காம், இறையியல் அல்ல. ஆனால் எழுதியிருப்பதை வாசிக்க அது போதும்.

தண்டனையைக் கேட்டு மற்றவர்கள் பயப்படவேண்டும் என்ற கருத்து உபாகமத்தில் நான்கு இடங்களில் வருகிறது: 13, 17, 19, 21 ஆகிய அதிகாரங்கள். இதை நான் மறைக்கப் போவதில்லை. அதில் இரண்டு இடங்கள் இன்றைக்குப் படித்தால் குலை நடுங்கும். வேறு தெய்வத்தை வணங்க அழைத்தவனையும் அடங்காத மகனையும் கல்லெறிந்து கொல்லச் சொல்கின்றன. அதை இப்போது செய் என்று எந்தப் போதகரும் சொல்வதில்லை, நல்லவேளை.

ஆனால் 19ம் அதிகாரத்தைப் பாருங்கள். கண்ணுக்குக் கண் அங்கேயும் வருகிறது. யாருக்கு அந்தத் தண்டனை? பொய்ச்சாட்சி சொன்னவனுக்கு! அடுத்தவனுக்கு என்ன கேடு நினைத்தானோ அது அவனுக்கே. அதுவும் நீதிபதிகள் நன்றாக விசாரித்த பிறகு. எண்ணாகமம் 35ல் ஒரே சாட்சியை வைத்து யாரையும் சாகடிக்கக்கூடாது. உபாகமம் 17ல் சாட்சி சொன்னவனேதான் முதல் கல்லை எறிய வேண்டும். யோசித்துப் பாருங்கள், குற்றம் சாட்டுகிறவன் கை நடுங்கவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. நாம் என்ன செய்கிறோம்? வாட்ஸப்பில் வந்த ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கல்லைப் பொறுக்குகிறோம்.

இன்னும் பின்னால் போனால் ஆதியாகமம் 4. முதல் கொலைகாரன் காயீன். பார்க்கிறவன் எவனும் தன்னைக் கொன்றுவிடுவான் என்று அழுகிறான். கடவுள் அவன்மேல் ஓர் அடையாளம் போடுகிறார், அவனைக் கொல்கிறவனுக்கு ஏழு மடங்கு பழி என்கிறார். அதாவது மனிதன் மனிதனைக் கொல்வதற்கு எதிராக வேதத்தில் வருகிற முதல் மிரட்டலே, கொலைகாரனைத் தெருவில் போட்டுத் தள்ள நினைக்கிறவனைப் பார்த்துத்தான். என்கவுன்டர் ரசிகர்கள் இந்த அதிகாரத்தை எப்போதும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

புதிய ஏற்பாட்டிலும் பயம் உண்டு. 1 தீமோத்தேயு 5ல், தப்பு செய்கிறவர்களை எல்லோர் முன்னாலும் கண்டி, மற்றவர்கள் பயப்படட்டும் என்று பவுல் எழுதுகிறார். யாரை? சபையின் மூப்பர்களை! இரண்டு மூன்று சாட்சி வேண்டும், ஆளைப் பார்த்துப் பாரபட்சம் காட்டாதே என்று முன்னும் பின்னும் கட்டுப்பாடு வேறு.

பயமுறுத்தல் மேலே இருக்கிறவனையும் தொட வேண்டும். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேதத்திலேயே ஒரு நிலத் தகராறு இருக்கிறது (டெல்டாக்காரர்களுக்கு உடனே புரியும்). 1 இராஜாக்கள் 21. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தின் மேல் ராஜா ஆகாபுக்குக் கண். இது பாட்டன் சொத்து, தரமாட்டேன் என்கிறான் நாபோத். ராணி யேசபேல் ஊர்ப் பெரியவர்களுக்குக் கடிதம் எழுதுகிறாள், இரண்டு பொய்ச்சாட்சிகள் வருகிறார்கள், தெய்வ நிந்தனை என்று கல்லெறிந்து கொன்றுவிடுகிறார்கள். சட்டப்படி விசாரணை, சட்டப்படி இரண்டு சாட்சி, சட்டப்படி தண்டனை. எல்லாம் சரியாக நடந்தது, நியாயத்தைத் தவிர.

இங்கிருந்து தெற்கே நாகப்பட்டினம் பக்கம் கீழவெண்மணி. அப்போது எல்லாமே ஒரே தஞ்சாவூர் ஜில்லா. 1968 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் ராத்திரி. கூலி உயர்வு கேட்டுச் சங்கம் சேர்ந்த தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்கள் ஒரு குடிசைக்குள் ஒளிந்தன. குடிசைக்குத் தீ வைத்தார்கள். 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1970ல் கீழ்க்கோர்ட்டில் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்குப் பத்தாண்டு சிறை. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. இவர்கள் பெரிய நிலச்சுவான்தார்கள், ஒருவர் சொந்தமாகக் கார் வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பமுடியவில்லை என்ற ரீதியில் போனது அந்தத் தீர்ப்பு. கார் இருந்தால் நடக்கமாட்டார்களாம்!

பயமுறுத்தும் தண்டனை பற்றி மைக் பிடிக்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அப்போதும் தூக்கு இருந்தது. அது யாரை பயமுறுத்தியது? சட்டம் கைவிட்ட இடத்தில் பழி வந்து உட்கார்ந்துகொண்டது. 1980 டிசம்பரில் நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். அதை நியாயம் என்று கொண்டாட என்னால் முடியவில்லை. காயீன் அடையாளம் அவருக்கும் உண்டுதானே. ஆனால் அந்த அரிவாளை வரவழைத்ததில் அந்தத் தீர்ப்புக்கும் பங்கு இருக்கிறது என்றுதான் சொல்வேன்.

எதிர்ப்பக்கத்துக்காரர்களையும் விடமுடியாது. கிறிஸ்தவம் என்றாலே மன்னிப்பு, எனவே தண்டனையே வேண்டாம் என்று உருகுகிறவர்கள். அவர்கள் கைகாட்டுவது கிளாடிஸ் ஸ்டெயின்ஸை. 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் அவர் கணவர் கிரகாமையும் 10, 6 வயதுப் பிள்ளைகளையும் ஜீப்போடு எரித்தார்கள். அந்த அம்மா மன்னித்தார். ஆனால் மன்னிப்பு வேறு, குற்றத்தின் விளைவு வேறு, இரண்டையும் குழப்பக்கூடாது என்றும் அவரே தெளிவாகச் சொன்னார். மன்னிப்பது அவர் உரிமை. விசாரித்துத் தண்டிப்பது அரசின் வேலை. தாரா சிங்குக்கு 2003ல் தூக்கு, 2005ல் அது ஆயுள் தண்டனையானது, 2011ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மன்னிப்பு அந்த வழக்கை எங்கேயும் நிறுத்தவில்லை.

அரசின் வேலை என்றதும் ரோமர் 13ஐத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அதிகாரி சும்மா பட்டயம் பிடிக்கவில்லை என்று. உண்மைதான். ஆனால் நம்ம தரங்கம்பாடியில் 1715ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த சீகன்பால்கு, அதற்கு ஏழு வருஷம் முன்னால் அதே ஊரில் டேனிஷ் கோட்டைத் தளபதியால் நாலு மாதம் சிறையில் அடைக்கப்பட்டவர். பட்டயம் பிடித்தவரும் கிறிஸ்தவர்தான்! நன்மை செய்கிறவனுக்கு அதிகாரி பயமாக இருக்கமாட்டான் என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. வசதியாக அதைப் பாதியில் மூடிவிடுகிறார்கள்.

எங்கள் பாடத்திலிருந்தே ஓர் உதாரணம். செக் பவுன்ஸ் ஆனால் 138வது பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது தொகையைப் போல இரண்டு மடங்கு அபராதம். கடுமைக்கு என்ன குறைச்சல்? 2019 முடிவில் நாடு முழுக்க இந்த வழக்குகள் மட்டும் சுமார் 35 லட்சம் தேங்கிக் கிடந்தன. தீர்ப்பு வர வருஷக்கணக்காகும் என்று தெரிந்தவன் தைரியமாகக் கையெழுத்துப் போடுகிறான். தண்டனை தாமதமானால் மனுஷன் தீமைக்குத் துணிகிறான் என்று பிரசங்கி 8ல் எப்போதோ எழுதிவிட்டார்கள். தண்டனையைக் கூட்டு என்று அந்த வசனம் சொல்லவில்லை. சீக்கிரம் கொடு என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று. உபாகமம் சொல்வது "கேட்டு" பயப்படுவது. கேட்பதற்குப் புரிய வேண்டாமா? மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர், நீதிநூல் எழுதியவர். ஆங்கிலத்தில் இருந்த மேல்கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கி 1862ல் வெளியிட்டார். பிரதாப முதலியார் சரித்திரத்தைத் தெரிந்த அளவுக்கு இதைத் தெரிந்தவர்கள் நம் ஊரிலேயே குறைவு. அவர் அந்தப் புத்தகம் போட்டு நூறு வருஷம் கழித்தும், வெண்மணியில் பெண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு உயர் நீதிமன்றம் சொன்ன பதில் ஆங்கிலத்தில்தான் வந்தது.