டிராஃப்டில் யாரை முதலில் எடுப்பது?

டிராஃப்ட் என்றால் எனக்கு இரண்டுதான் தெரியும். ஒன்று பேங்க் டிராஃப்ட். இன்னொன்று, உத்தியோகத்தில் முப்பத்தெட்டு வருஷம் நான் எழுதியது. கடிதத்தை நாம் எழுதுவோம், அதிகாரி இரண்டு சொல்லை அடித்துத் திருத்துவார், கீழே அவர் கையெழுத்து. மூன்றாவதாக ஒரு டிராஃப்ட் உண்டு என்பதை இந்த ஏப்ரலில் ஹூஸ்டனுக்கு மகன் வீட்டுக்கு வந்த பிறகு பேரன் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் நான். ஃபுட்பால் என்றால் எங்களுக்கு உருண்டைப் பந்து, உப்பளம் மைதானம், விசில் ஊதும் முசியே. இங்கே ஃபுட்பால் என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவது. முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. பேரன் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். இப்போது அபிப்பிராயம் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன்!

தெரியாத நண்பர்களுக்குச் சுருக்கமாக. என்.எஃப்.எல். என்ற போட்டியில் 32 அணிகள். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை ஆண்டுக்கு ஒரு முறை வரிசைப்படி எடுத்துக்கொள்வார்கள். நம் ஐ.பி.எல். மாதிரி ஏலம் கிடையாது. போன பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குக் கடைசி. இப்படி ஏழு சுற்று. எடுக்கப்பட்ட இடத்தைப் பொறுத்துத்தான் சம்பளம். இந்த ஆண்டு 2025 ஏப்ரல் 24 முதல் 26 வரை கிரீன் பே என்ற ஊரில் நடந்தது. எங்கள் வீட்டு அணியான ஹூஸ்டன் டெக்சன்ஸுக்கு 25-வது இடம்.

மூன்று நாளும் வீட்டில் இதே விவாதம். பேரனுக்கு ரிசீவர் வேண்டும், அதாவது தூர ஓடிப் பந்தைப் பிடிப்பவன். மகன் தடுப்பாட்டக்காரன் வேண்டும் என்றான். நான் சொன்னது வேறு: "முன்னால நிக்கிற அஞ்சு பேரைப் பாருங்க."

பந்தை எறிகிறவர் குவார்ட்டர்பேக். பெயரும் பணமும் அவருக்குத்தான். அவருக்கு முன்னால் சுவர் மாதிரி ஐந்து பேர் நிற்பார்கள்: நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். பாய்ந்து வருகிறவர்களைத் தடுத்து, எறிகிறவருக்கு இரண்டு மூன்று வினாடி வாங்கிக் கொடுப்பது இவர்கள் வேலை. எறியும் பந்தைப் பிடிக்கப் பொதுவாக இவர்களுக்கு அனுமதியே கிடையாது. பாயிண்ட் கணக்கிலும் பெயர் வராது. தப்பாகப் பிடித்து இழுத்தால் மட்டும் நடுவர் ஒலிபெருக்கியில் சட்டை எண்ணைச் சொல்வார்.

இந்த ஐந்து பேர் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹூஸ்டனை விட நல்ல சாட்சி கிடையாது. 2002-ல் இந்த அணி தொடங்கியபோது, மொத்த டிராஃப்டிலும் முதல் ஆளாக டேவிட் கார் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். அந்த ஒரே பருவத்தில் அவரைப் பந்தோடு 76 தடவை தரையில் சாய்த்தார்கள். இன்றும் அதுதான் சாதனை, பாவம். ஐந்து பருவம் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். அவருக்குத் திறமை இருந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. நிமிர்ந்து நிற்க விட்டால்தானே தெரியும்?

இப்போது இருப்பவர் சி.ஜே. ஸ்ட்ரௌட். 2023-ல் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டவர், முதல் ஆண்டிலேயே அசத்தியவர். போன பருவத்தில் அவரை 52 தடவை சாய்த்தார்கள். இந்த மார்ச்சில், இருந்த அனுபவசாலியான இடது டேக்கிள் லாரமி டன்சிலையும் வாஷிங்டன் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு நான் வேறு என்ன சொல்வேன்?

பேரன் விடவில்லை. "தாத்தா, 2022-ல பதினஞ்சாவது ஆளா கென்யன் கிரீன்னு ஒரு கார்டை எடுத்தாங்க. என்ன ஆச்சு? இந்த வருஷம் அவரையும் அனுப்பிட்டாங்க."

நியாயமான கேள்வி. அன்று இரவு படுக்கையில் யோசித்துப் பார்த்தேன். காலையில் என் கட்சியைக் கொஞ்சம் திருத்திக்கொண்டேன். முதல் சுற்றில் ஒருவனை எடுத்துவிட்டு, சுவர் கட்டியாயிற்று என்று உட்கார்ந்துவிடக் கூடாது. ஐந்து பேரில் நாலு பேர் கெட்டிக்காரர்களாக இருந்து ஒருவன் கோட்டைவிட்டால் போதும், குவார்ட்டர்பேக் மல்லாந்துவிடுவார். ஆகவே இது ஒரு பெரிய ஆளால் தீரும் விஷயமில்லை. ஒவ்வொரு ஆண்டும், அவசரம் வருவதற்கு முன்பே, இரண்டு பேரையாவது எடுத்து வளர்க்க வேண்டும்.

கன்சாஸ் சிட்டி அணியைப் பாருங்கள். 2021 பிப்ரவரி இறுதி ஆட்டத்தில் அவர்களுடைய வழக்கமான டேக்கிள் இருவருக்கும் காயம். பேட்ரிக் மஹோம்ஸ் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர்! அவரே அன்று ஆட்டம் முழுக்க உயிருக்கு ஓடுகிறவர் மாதிரி ஓடினார். 31-9 என்று தோல்வி. அடுத்த டிராஃப்டில் 63-வதாக கிரீட் ஹம்ஃப்ரி என்ற சென்டரையும், 226-வதாக ட்ரே ஸ்மித் என்ற கார்டையும் எடுத்தார்கள். வெளியிலிருந்தும் ஆள் சேர்த்தார்கள். 2023 பிப்ரவரி இறுதி ஆட்டத்தில் எதிரே ஃபிலடெல்ஃபியா, அந்தப் பருவத்தில் 70 தடவை எதிரணிகளைச் சாய்த்த கூட்டம். அன்று மஹோம்ஸை ஒரு தடவைகூட அவர்களால் சாய்க்க முடியவில்லை. 38-35 என்று கோப்பை கன்சாஸ் சிட்டிக்கு.

அந்த ஃபிலடெல்ஃபியாவும் சுவர் கட்டத் தெரிந்த அணிதான். ஜோர்டன் மைலாட்டா என்ற ஆஸ்திரேலிய ரக்பி ஆட்டக்காரரை 2018-ல் ஏழாவது சுற்றில் 233-வதாக எடுத்தார்கள். அதற்குமுன் அவர் இந்த ஆட்டத்தை ஆடியதே இல்லை. முதல் இரண்டு ஆண்டும் களம் இறங்கவில்லை. 2020-ல்தான் இறங்கினார். இந்த ஆண்டு பிப்ரவரியில் கோப்பை வென்ற அணிக்கு இடது டேக்கிள் அவர்தான்.

குவார்ட்டர்பேக்கே இல்லாத அணி முதலில் அவரைத்தான் தேட வேண்டும். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் கிடைத்த பிறகு, அவருக்கு அலங்காரமாக ஒரு ரிசீவரைத் தேடுவதற்கு முன் சுவரைக் கட்டு என்பதுதான் என் கட்சி.

ஹூஸ்டன் என்ன செய்தது? முதல் இரவு 25-வது இடத்தை நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது. பேரன் சோபாவிலிருந்து எழுந்து போய்விட்டான். மறுநாள் 34-வதாக ஜேடன் ஹிக்கின்ஸ், ரிசீவர். வீடு அதிரும் கத்தல். 48-வதாக ஐரியான்டே எர்சரி, டேக்கிள். நான் மட்டும் கைதட்டினேன். என்னிடம் கேட்டிருந்தால் இந்த இரண்டையும் முன்பின்னாக மாற்றியிருப்பேன்.

இவ்வளவு வக்காலத்து ஏன் என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் வீட்டிலேயே இருக்கிறது. பேரனுக்குப் பதினைந்து வயது, நல்ல உடம்பு. பள்ளி அணியில் அவனை கார்டாக நிறுத்தியிருக்கிறார்கள். அவனுக்கு ரிசீவராக ஆசை. ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது, "நான் ஆடுறது யாருக்கும் தெரியாது தாத்தா. அடுத்த வருஷம் போகப் போறதில்ல" என்றான்.

எனக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. இரண்டு கேப்டன்கள் மாற்றி மாற்றி ஆள் எடுப்பார்கள். முதலில் கோல் போடுகிறவர்கள். மிச்சம் நிற்பவர்களில் நான் ஒருவன், "அரியேர்" என்று பின்னால் நிறுத்துவார்கள். உத்தியோகத்திலும் அதே இடம்தான். ஒரு தடவை நான் பதினோரு நாள் பழைய கோப்புகளைத் தோண்டி ஒரு குறிப்பு எழுதினேன். பல பேருக்கு நின்றுபோன ஓய்வூதியம் அதனால் கிடைத்தது. விழாவில் மாலை அதிகாரிக்கு. நான் நாற்காலி எடுத்துப் போட்டேன். அன்று வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய்.

அதனால் பேரனிடம், "பெயர் வராவிட்டால் என்ன" என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. பெயர் வராதது வலிக்கத்தான் செய்யும். அவனுடைய ஆட்டத்தின் வீடியோவைப் போடச் சொன்னேன். பந்தைப் பார்க்காமல் அவன் சட்டை எண்ணை மட்டும் பார்த்தேன். ஓரிடத்தில் தன்னைவிடப் பெரிய பையனை இரண்டு வினாடி அசையாமல் பிடித்து நிறுத்தியிருந்தான். திருப்பிப் போடச் சொன்னேன். நாலு தடவை பார்த்தோம். "இதையா பாக்குறீங்க?" என்று கேட்டான். ஆனால் நாலாவது தடவை அவனே ரிமோட்டை எடுத்துப் பின்னால் தள்ளினான்.

ஆகஸ்டில் பயிற்சி தொடங்குகிறது. போவானா என்று இன்னும் சொல்லவில்லை. நான் ஜூனில் ஊர் திரும்புகிறேன். எர்சரி எப்படி ஆடுகிறான் என்பதை வாரா வாரம் போனில் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.