மெலிந்த பணத்தில் தீர்க்கும் கடன்

குற்றாலத்தில் சீசன் கடை போடுபவர் சாரலை நம்பி முன்கூட்டியே வட்டிக்குப் பணம் வாங்குகிறார். சாரல் பொய்த்தாலும், வெள்ளம் வந்து அருவியில் குளிக்கத் தடை விழுந்தாலும் தவணையில் தள்ளுபடி கிடையாது. நாடுகளிடையே இந்தக் கண்டிப்பு ஏழைகளுக்கு மட்டும்தான். 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்ததும் 'திவால்' முத்திரை விழுந்தது.

பணக்கார நாடுகள் இப்படி வெளிப்படையாகத் தவறுவது அபூர்வம். 2015 ஜூன் 30 அன்று பன்னாட்டு நாணய நிதியத்துக்கு சுமார் 160 கோடி யூரோ கட்டத் தவறியது கிரீஸ். அங்கே ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான் எடுக்க முடிந்தது. யூரோவை அச்சடிக்கும் அதிகாரம் ஏதென்ஸிடம் இல்லை. அமெரிக்காவுக்கு அந்தச் சிக்கல் இல்லை, டாலர் அதன் சொந்தப் பணம். தங்கமாகத் தருவோம் என்று எழுதிக்கொடுத்த கடன் பத்திரங்களை, 1933இல் சட்டத்தையே மாற்றி, காகித டாலரில் தீர்த்தது. மற்ற நாடுகள் டாலரைக் கொடுத்துத் தங்கம் பெறும் வழியை 1971 ஆகஸ்டில் நிக்சன் அடைத்தார்.

அமெரிக்க அரசின் கடன் 2024 இறுதியிலேயே 36 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. 2024 நிதியாண்டில் ராணுவத்துக்குச் செலவிட்டதைவிட வட்டிக்குக் கட்டியது அதிகம். 2025 மே மாதம் கடன் தரமதிப்பீட்டு நிறுவனமான மூடிஸும் அதன் உச்சத் தரமதிப்பைக் குறைத்தது. அமெரிக்கா கடனைக் கட்டாமல் போகும் என்பதல்ல நம் அச்சம். மதிப்புக் கரைந்த டாலரில் கட்டும் என்பதே. அதுவும் கடன் தவறுவதுதான். அப்படிச் சொல்ல உலக நிதி அமைப்புகள் தயங்குவது அநியாயம்.

தென்காசி மாவட்டத்துக்கு இது தூரத்து விவகாரம் அல்ல. கடையநல்லூர் வீடுகளுக்கு வளைகுடாவிலிருந்து வரும் ரியாலும் திர்ஹமும் டாலரோடு பிணைக்கப்பட்டவை. ஒரு டாலருக்கு 3.75 சவூதி ரியால் என்ற கணக்கு பல பத்தாண்டுகளாக மாறவில்லை. டாலர் மெலிந்தால் ரியாலும் சேர்ந்தே மெலியும். மகள் கல்யாணத்துக்கு நகை சேர்ப்பவருக்கு, அதே சம்பளத்தில் வாங்கும் பவுன் குறையும்.

2018 மார்ச்சில் சுமார் 560 டன்னாக இருந்த தங்கக் கையிருப்பை ரிசர்வ் வங்கி 2025 மார்ச்சுக்குள் சுமார் 880 டன்னாக உயர்த்தியிருக்கிறது. சரியான போக்கு. அமெரிக்கப் பத்திரங்களில் நம் கையிருப்பு முடங்கும் அளவை இன்னும் குறைக்க வேண்டும். ரூபாயிலும் திர்ஹமிலும் நேரடியாக வர்த்தகம் செய்ய 2023 ஜூலையில் அமீரகத்தோடு செய்த உடன்பாட்டை, தொழிலாளர் அனுப்பும் பணத்துக்கும் முழுமையாகக் கொண்டுவந்து, சவூதி, கத்தார், குவைத்துக்கும் மத்திய அரசு விரிக்க வேண்டும்.