வீட்டுக் குப்பையை மாற்றியது நம் சம்பளம்... அள்ளுவது மட்டும் அம்மாவா?

'சூழலுக்கு உகந்த வாழ்க்கைக்கு 10 டிப்ஸ்' என்று போனில் தேடிப் பாருங்க. மூங்கில் டூத் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, பால்கனியில் செடி என்று ஒரு லிஸ்ட் வரும். எல்லாம் நல்லதுதான். ஆனா அது நகரத்து அபார்ட்மென்ட்டில் தனியாகக் குடியிருக்கிறவருக்கு எழுதினது. வில்லியனூரிலோ பாகூரிலோ அப்பா அம்மாவோடு இருந்துகிட்டு, தினமும் பாண்டிக்கோ சேதராப்பட்டுக்கோ பைக்கில் வேலைக்குப் போய் வர்றவங்களுக்கு அது அப்படியே பொருந்தாது.

இங்கே பால்கனி கிடையாது, தோட்டம் உண்டு. பாத்திரம் கழுவின தண்ணி வாழைக்குப் போகும். காய்கறித் தோல் மாட்டுக்கோ ஆட்டுக்கோ போகும். 'எகோ ஃப்ரெண்ட்லி' என்ற வார்த்தையே தெரியாமல் ஆயாக்கள் அப்படித்தான் குடும்பம் நடத்தினாங்க. அப்போ வீட்டில் எது மாறிச்சு?

நம் சம்பளம் வந்ததும் வீட்டுக் குப்பை மாறிச்சு. ஆன்லைன் பார்சல் சுற்றி வர்ற பபிள் ராப், பிரியாணி வர்ற கறுப்பு டப்பா, ஷாம்பு சாஷே, வெட் வைப்ஸ், குழந்தைக்கு டயப்பர். இதில் பெரும்பாலானதை ஆர்டர் போடுவது 20, 30 வயதுக்காரர்கள். ஆனா அது குப்பையான பிறகு தோட்டத்துப் பக்கம் தூக்கிட்டுப் போவது பெரும்பாலும் அம்மா.

அதனால் என் கருத்து இதுதான்: வீட்டில் சூழல் மாற்றம் கொண்டு வர ஆசைப்பட்டால், அது அம்மாவுக்கு இன்னொரு வேலையாக இருக்கக்கூடாது. நம்ம கையால் செய்யக்கூடியதாக இருக்கணும். அதுவும் இந்த ஊருக்கு உண்மையிலேயே பயன்படுவதில் இருந்து தொடங்கணும்.

1. முதலில் தீயை அணைப்போம்

சாயங்காலம் தோட்டத்தில் சருகோடு பிளாஸ்டிக் கவரையும் சேர்த்துக் கொளுத்துவது கிராமங்களில் சாதாரணமாக நடக்கும் விஷயம். குப்பை வண்டி வராத நாளில் வேறு வழி தெரியாமல் செய்வது அது. யாரையும் திட்டுவதற்கு முன்னால் அந்தப் புகையில் என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்.

பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரித்தால், குறிப்பாக பி.வி.சி. கலந்திருந்தால், டையாக்சின் என்ற நச்சு உருவாகும். அது காற்றோடு போய்விடாது. புல்லிலும் மண்ணிலும் படியும். அந்தப் புல்லை மாடு மேயும், பாலின் கொழுப்பில் அது சேரும். மனிதர்களுக்கு டையாக்சின் போய்ச் சேருவதில் 90 சதவீதத்துக்கு மேல் உணவு வழியாகத்தான், அதிலும் பெரும்பகுதி இறைச்சி, பால் பொருட்கள், மீன் வழியாக என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாசலிலேயே மாடு கட்டியிருக்கும் ஊருக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

சட்டமும் தெளிவாக இருக்கு. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவு போட்டது. ஆனா அபராதப் பயம் காட்டினால் அம்மா கேட்க மாட்டாங்க. "கவரை எரிக்காதேம்மா, ஞாயித்துக்கிழமை நானே எடுத்துட்டுப் போறேன்" என்று சொன்னால் கேட்பாங்க. சொன்னபடி எடுத்துட்டும் போகணும்.

2. ஈரக் குப்பை வாசலைத் தாண்ட வேண்டாம்

நம் நாட்டுக் குப்பையில் ஏறக்குறைய சரிபாதி ஈரக் குப்பை. அது குரும்பாபேட் மாதிரியான கிடங்குக்குப் போய் மற்ற குப்பைக்கு அடியில் புதைந்தால், காற்று படாமல் அழுகி மீத்தேன் வாயுவை விடும். 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் பூமியைச் சூடாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 28 மடங்கு. அதே குப்பை தோட்டத்தில் காற்றோட்டமாக மக்கினால் உரம்.

ஆன்லைனில் 2,000 ரூபாய்க்கு கம்போஸ்ட் கிட் வாங்க வேண்டாம். ஓட்டை போட்ட பழைய பக்கெட் ஒண்ணு, இல்லாவிட்டால் இரண்டு அடிக் குழி போதும். ஒரு பங்கு சமையல் கழிவு, அதன் மேல் இரண்டு பங்கு காய்ந்த சருகு. வாரம் ஒருமுறை கிளறணும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் சருகு போடணும். இரண்டு மாதத்தில் கறுப்பாக, மண்வாசனையோடு உரம் ரெடி. கொளுத்திக்கிட்டிருந்த சருகுக்கும் இப்படி ஒரு வேலை கிடைச்சிடும். கிளறுவது மட்டும் உங்க வேலை.

3. ஒரு சாக்கு, மாதம் ஒரு ஞாயிறு

உலர்ந்த பிளாஸ்டிக், அட்டை, பாட்டில் எல்லாத்துக்கும் ஒரே சாக்கு. நிறைந்ததும் பைக்கில் வைத்து காயலான் கடைக்கு. பாண்லே பால் கவர் மறுசுழற்சிக்கு ஏற்ற பிளாஸ்டிக்தான், அலசிக் காயவைத்தால் போதும். வெட்டும்போது மூலையைத் தனியாகத் துண்டிக்காதீங்க. அந்தத் துணுக்கு எந்த சாக்குக்கும் வந்து சேராது, மண்ணில்தான் கிடக்கும்.

சிப்ஸ் பாக்கெட், சாஷே கதை வேறு. பல அடுக்குப் பொருள் ஒட்டிச் செய்தது என்பதால் அதைக் காயலான் கடையில் வாங்க மாட்டாங்க. அதற்கு ஒரே வழி, குறைவாக வாங்குவது. பத்து சாஷேவுக்குப் பதில் ஒரு பெரிய பாட்டில்.

வீட்டில் பேசத் தயங்கும் விஷயம் ஒண்ணும் இருக்கு: நாப்கினும் டயப்பரும். எரிக்கவும் கூடாது, வாய்க்காலில் வீசவும் கூடாது. பேப்பரில் சுற்றி, தனியாக அடையாளம் வைத்து வண்டியில் கொடுக்கணும். விருப்பம் இருக்கிறவங்க மென்ஸ்ட்ருவல் கப்புக்கு மாறலாம், நல்லா பராமரித்தால் பல வருஷம் வரும். அது அவரவர் உடம்பு, அவரவர் முடிவு.

4. வாய்க்கால் யாருடையது?

தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாகத்தான் பாகூர் ஏரிக்கு வருது. வில்லியனூர் பக்கத்து ஊசுட்டேரி 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏரி நிறைய வாய்க்கால் ஓடணும், ஏரி நிறைந்தால்தான் கிணற்றிலும் போரிலும் தண்ணீர் ஊறும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்து தென்பெண்ணை பெருக்கெடுத்து பாகூர் பக்கத்துக் கிராமங்களை மூழ்கடித்தது. அந்த வெள்ளத்துக்கு நம் கேரி பேக் காரணம் என்று சொன்னால் அது பொய். ஆனா வந்த வெள்ளம் வடியணும் என்றால் தெருமுனை மதகு அடைபடாமல் இருக்கணும். அந்த அளவு நம் கையில் இருக்கு.

5. மோட்டாரும் மின்விசிறியும்

டேங்க் நிரம்பி வழிந்த பிறகும் ஒரு எச்.பி. மோட்டார் தினம் அரை மணி நேரம் ஓடினால் மாதம் சுமார் 11 யூனிட் வீண். நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் ஊரில் வழிந்து போகும் தண்ணீர் அதைவிடப் பெரிய நஷ்டம். தானாக நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச் ஒண்ணு மாட்டிவிட்டால், "மோட்டாரை நிறுத்தினியா?" என்ற தினசரிக் கத்தலும் மிச்சம்.

பழைய ஃபேன் 70, 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் சுமாருக்கு ஓடும். தினம் 12 மணி நேரம் சுற்றினால் மாதம் 15 யூனிட் வரை குறையும். அடுத்த போனஸில் ஒரு ஃபேன் மாற்றலாம். யாருக்கும் கூடுதல் வேலை இல்லாத மாற்றம் இது.

6. ஒரு விசேஷம், பத்து வருஷம்

கல்யாணமோ மஞ்சள் நீராட்டோ, 500 பேர் சாப்பிடும் ஒரு பந்தலில் இலைக்கு ஒரு குட்டி வாட்டர் பாட்டில் வைத்தால் 500 பாட்டில். நீங்க வாரம் ஒரு பாட்டில் தவிர்த்தால், அந்த 500-ஐ ஈடுகட்ட ஏறக்குறைய பத்து வருஷம் ஆகும்! ஸ்டீல் டம்ளர், குடிநீர் கேன், ஊற்றுவதற்கு நாலு பையன்கள் இருந்தால் போதும், முடிந்தது. புதுச்சேரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஆகஸ்டிலிருந்தே தடை. 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் கப், தட்டு, ஸ்ட்ராவுக்கு நாடு முழுக்கத் தடை. குட்டி பாட்டில் அந்த மத்திய அரசுப் பட்டியலில் இல்லை என்பதால்தான் அது நம் முடிவாகுது. உங்க கல்யாணத்தில் உங்க பேச்சுக்கு மதிப்பு இருக்கும், அதைப் பயன்படுத்திக்குங்க.

'நான் ஒருத்தன் மாறி என்ன ஆகப்போகுது?'

நியாயமான கேள்வி. பிரித்து வைத்த குப்பையை வண்டியில் ஒண்ணாகக் கொட்டினால் பிரித்தவருக்கு வெறுத்துத்தான் போகும். பேக்கேஜிங்கைக் குறைக்க வேண்டியது கம்பெனிகள், வண்டி அனுப்ப வேண்டியது நிர்வாகம். தனிமனிதர் தலையில் எல்லாத்தையும் கட்டுவது சரியில்லை.

நம்ம ஊரில் இன்னொரு சிக்கலும் இருக்கு. புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேர்தல் அறிவிப்பு வந்தும் நடக்கவில்லை. 'எங்க தெருவுக்கு வண்டி வரல' என்று சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாமல் வருஷக்கணக்கில் ஓடியிருக்கு.

அதனால்தான் வீட்டு மாற்றம் முக்கியம் என்கிறேன். தினமும் எரிக்கிற தெருவுக்கு வண்டி வராதது பெரிசாகத் தெரியாது. எரிப்பதை நிறுத்திய தெருவில் பத்து சாக்கு உலர் குப்பை சேர்ந்து நிற்கும். அதை போட்டோ எடுத்து, பத்து வீட்டுக் கையெழுத்தோடு கொம்யூன் பஞ்சாயத்து ஆணையருக்கு மனு கொடுக்கலாம். குப்பையை வகை பிரித்துக் கொடுப்பது வீட்டின் கடமை, அதை வீடு தேடி வந்து வாங்குவது உள்ளாட்சியின் கடமை என்று 2016-லேயே விதி வந்தாச்சு. நம் பங்கைச் செய்தபிறகு கேட்கும் குரலுக்கு வலு அதிகம்.

ஆறையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். இந்த வாரம் ஒண்ணே ஒண்ணு செய்யுங்க: தோட்டத்துச் சுவரோரம் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, "இது என் வேலை" என்று வீட்டில் சொல்லிடுங்க. பார்சல் உங்க பெயரில்தானே வருது? அந்தக் கவரும் உங்க பெயரிலேயே வெளியே போகட்டும்.